திருகோணமலை நேயரின் தீர்ப்பு: ஓர் இசைத்தட்டை முன்வைத்து

இலங்கை வானொலியின் நேயர்களைப் பற்றி இன்று பேசுவோர் இசபெல் உவாகுஜா அலோன்சோவின் 'ரேடியோ ஃபார் த மில்லியன்ஸ்' (2023) நூலைத் தவிர்க்க முடியாது. 1952இல் இந்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கினார். அதே ஆண்டு அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' என்ற இந்தித் திரைப்பாடல் வரிசை நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கியது. இந்திய நேயர்கள் கடிதங்களால் அதை மொய்த்தார்கள். ஒலிபரப்பு முடிந்த பிறகும் ஊருக்குள் தொடர்ந்த பேச்சுத்தான் வானொலிக்குப் பொருள் தந்தது என்கிறார் அலோன்சோ. அரசுகள் வகுத்த எல்லையைத் தாண்டி ஒரு கேட்போர் சமூகம் உருவானது என்பது அவர் முடிபு.

இந்தி, உருது உலகைப் பற்றிய ஆய்வு என்ற அளவில் இதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் 'இலங்கை வானொலி நேயர்' என்றாலே எல்லைக்கு அப்பாலிருந்து கேட்டவர் என்ற சித்திரம் இதனால் நிலைபெற்றுவிடுகிறது. இதை நான் மறுக்கிறேன். திருகோணமலைத் துறைமுகத் தொழிலாளிக்குக் கொழும்பு வானொலி சொந்த நாட்டு அரசின் நிலையம். தன் நாட்டு அரசு மறுத்ததை அயல்நாட்டு நிலையத்தில் தேடிப் பெற்றார் போபால் நேயர். திருகோணமலை நேயருக்கோ இந்தியத் திரைப்பாடல் தாராளமாகவே கிடைத்தது. அவருக்கு அரிதாயிருந்தது தன் ஊர்க்காரரின் குரல். ஆகவே இவ்விருவரும் அனுப்பிய விருப்பக் கடிதங்களை ஒரே வகை ஆவணமாகக் கொள்ள முடியாது. கீத்மாலா நேயர் வரிசைப்படுத்திய பாடல்கள் எல்லாம் ஒரே பம்பாய்த் தொழிலின் படைப்புகள். இங்கே நடந்ததோ மிகவும் சமமற்ற ஓர் ஒப்பீடு: ஒரு பக்கம் விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் சென்னை இசைக்குழு, மறுபக்கம் உள்ளூர் மேடைக் கோஷ்டி.

இந்த ஒப்பீட்டை நேராகச் சந்தித்த ஒரு சான்று உண்டு. திருகோணமலையைச் சேர்ந்த எம்.பி. பரமேஷின் 'உனக்குத் தெரியுமா' என்ற பாடல் இசைத்தட்டாக வந்தது. இலங்கையின் முதல் தமிழ் மெல்லிசைத் தட்டு என்று அது போற்றப்படுகிறது. பரமேஷும் அவர் சகோதரர் கோணேஷும் ஊரறிந்த மேடைக் கலைஞர்கள். தட்டு வெளிவந்த காலத்தை அறுபதுகளின் பிற்பகுதியில் வைப்பது பொருத்தமாகத் தோன்றுகிறது. இன்ன ஆண்டு என்று வலியுறுத்த மாட்டேன். என் வாதம் ஒற்றை ஆண்டைச் சார்ந்ததன்று.

அந்தப் பாடலின் நடைதான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. அக்காலத்தில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழுக்குக் கொண்டுவந்த பொப்பிசை பைலாத் தாளத்தில் துள்ளியது. திருகோணமலைக்குப் பைலா அந்நியமன்று. அங்குள்ள போர்த்துக்கேயப் பறங்கியர் வீட்டு விழாக்களில் அதன் மூத்த வடிவமான கஃபிரிஞ்ஞாவின் தாளத்தை ஊர் கேட்டே வளர்ந்தது. அப்படியிருந்தும் இவ்வூரிலிருந்து தட்டேறிய பாடல் பைலா அன்று. அது திரைப்பாடலின் குழைவை நாடும் ஒரு காதல் மெல்லிசை. கைவசம் இருந்த தாளத்தை விட்டுவிட்டுச் சென்னையின் அளவுகோலுக்கே பாடகர் முகங்கொடுத்தார் என்றால், அந்த அளவுகோலை அவர் கையில் கொடுத்தது யார்?

மேடைக்கு முன்னால் இருந்த நேயர்தான் என்பேன். இதற்கு எழுத்துச் சான்று மெலிந்ததே. ஆயினும் விடமாட்டேன். கோயில் திருவிழா மேடையில் கோஷ்டி பாடிய பெரும்பாலான பாடல்கள் திரைப்பாடல்கள். காலையில் வானொலியில் பி. சுசீலாவைக் கேட்ட காது இரவில் உள்ளூர்ப் பாடகியை அதோடு ஒட்டிப் பார்க்கும். "படத்தில பாடின மாதிரியே இருக்கு" என்ற சொல்லைவிடப் பெரிய பாராட்டு அந்த மேடையில் கிடையாது. பிசகினால் கூட்டம் எழுந்து கடலை வாங்கப் போய்விடும். தபாலட்டையில் பதியாத இந்தத் தீர்ப்பு பாடகருக்கு உடனே புரிந்தது. சொந்தப் பாடல் ஒன்றை இடையில் செருகத் துணிந்தவர் அதே குழைவில் செருகினால்தான் கூட்டம் இருக்கும். இசைத்தட்டு இந்தத் தேர்வில் தேறிய பிறகே பிறந்திருக்க வேண்டும். நேயர் கருத்து அதற்கு விளைவு அன்று, காரணம்.

தபாலட்டைக்கும் வருவோம். விருப்பப் பாடல் நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் வாசித்தவை பெரும்பாலும் ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயர்களுமே: அப்பா, அம்மா, தம்பிமார், பக்கத்து வீட்டார் என்று ஒரு நீண்ட நிரை. பாட்டு நல்லதா என்பதற்கு அங்கே ஒரு வரியும் இல்லை. இவற்றை எண்ணிக் கூட்டி இரசனை வரலாறு எழுதினால் மிஞ்சுவது உறவுமுறை வரலாறுதான். கடிதத்தைவிட ஊர்ப்பேச்சுக்கு முதன்மை தரும் அலோன்சோவின் கருத்து இங்கே எனக்குத்தான் துணைவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் பிணங்குவது அவருடைய எல்லைச் சித்திரத்தோடு மட்டும்.

1970க்குப் பிந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளே உள்ளூர் இசையை வளர்த்தன என்ற விளக்கமும் வழங்குகிறது. 'குத்துவிளக்கு' (1972) போன்ற படங்களுக்கு ஆர். முத்துசாமி இசையமைத்த சூழலை அது ஓரளவு விளக்கலாம். மேடையிலும் தட்டிலும் அதற்கு முன்பே கனிந்திருந்த இரசனையை அது விளக்காது. பாடல்களின் ஓட்டமும் ஒருவழிப் பாதையன்று: மனோகரனின் 'சுராங்கனி' 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' வழியாகச் சென்னைத் திரைக்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கு போனது பைலா. திருகோணமலையின் மெல்லிசை அன்று. சென்னையை ஒத்திருந்ததால் ஊரில் வென்ற பாடல், அதே காரணத்தால் சென்னைக்குத் தேவைப்படாமல் போயிருக்கலாம். திருகோணமலையிலேயே பைலாவைத் தம்முடையதாகக் கேட்ட சிங்கள, பறங்கி நேயர்களின் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்த பிறகே இந்த ஊகத்தை உறுதிசெய்யவோ கைவிடவோ முடியும்.