புலன்களுக்குத் தமிழில் பெயர் வந்த வரலாறு

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவன் முதலாம் ஆண்டிலேயே அறிவியல் பாடத்தில் ஐம்புலன்களைக் கற்கிறான். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று குழந்தைகள் ஒப்பிப்பதை ஜொகூர்த் தோட்டப்புறங்களில் எந்தத் தமிழ்ப்பள்ளியின் வழியாகச் சென்றாலும் கேட்கலாம். இப்பாடம் மேனாட்டு நூலிலிருந்து அப்படியே இறங்கி வந்தது என்பது பலருடைய எண்ணம். அதில் பாதிதான் உண்மை.

புலன்களைக் கொண்டு உயிர்களை வகுத்த தொல்காப்பிய மரபியலைத் தமிழாசிரியர் நன்கறிவர். புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிர்கள். நத்தைக்கும் சிப்பி வகைக்கும் சுவையறிவு சேர்ந்து இரண்டு. கறையானுக்கும் எறும்புக்கும் மோப்பத்தோடு மூன்று. நண்டுக்கும் தும்பிக்கும் பார்வையோடு நான்கு. விலங்குக்குச் செவியோடு ஐந்து. மக்களுக்கு மனத்தோடு ஆறு. எறும்புக்குக் கண் இல்லையா என்று இன்றைய விலங்கியலார் கேட்பர்; அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் ஈண்டு நோக்கற்பாலது வரிசையாகும். மெய், வாய், மூக்கு, கண், செவி என்று அது தொடுதலில் தொடங்கிக் கேட்டலில் முடிகிறது.

எந்தப் புலன் எவ்வுயிர்க்கு உண்டு என்று மரபியல் கூறியது. கண்ணுக்குள் என்ன இருக்கிறது, ஒலி காதுக்குள் எவ்வழி செல்கிறது என்பதைக் கூறுவது அதன் வேலையன்று. அவ்வேலையைத் தமிழில் தொடங்கி வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஒருவர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822-இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார், 1847-இல் அமெரிக்க மிஷன் சார்பில் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவம் கற்பிக்கலானார். முதலில் பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது.

அவர் தமிழுக்கு மாறியதன் காரணம் சிந்திக்கத் தக்கது. ஆங்கிலத்தில் பயின்ற மாணவர் அரசாங்க உத்தியோகமும் சம்பளமும் தேடி வெளியூர் சென்றனர். கிராமத்து நோயாளி மருத்துவரின்றிக் கிடந்தான். ஊரிலேயே தங்கும் மருத்துவர் வேண்டுமாயின் ஊர் மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று கிறீன் துணிந்தார். 1864-இல் தமிழ்வழி வகுப்பு தொடங்கியது. பெற்றோர் பலர் விரும்பியதோ ஆங்கிலம். பின்னாளில் யாழ்ப்பாணத் தமிழர் மலாயாவின் மருத்துவமனைகளுக்கும் இரயில் நிலையங்களுக்கும் அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்தது அந்த ஆங்கிலக் கல்வியால்தான். ஆகவே அப்பெற்றோரைக் குறை கூறுவதும் எளிதன்று.

வகுப்புக்கு நூல் வேண்டுமே! கட்டர் என்னும் அமெரிக்கர் எழுதிய உடல் நூலைக் கிறீன் முன்னரே தமிழாக்கியிருந்தார். 1857-இல் வெளிவந்த அதன் பெயர் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’. அங்காதிபாதம் என்றால் இன்று நாம் உடற்கூற்றியல் என்பது, சுகரணவாதம் உடலியங்கியல், உற்பாலனம் உடல்நலம் பேணல். இன்றைய மாணவன் இத்தலைப்பைக் கண்டு மருளுவான். ஆனால் முந்நூறு ஆண்டுப் பழைய சொற்களைப் பார்ப்பதுபோல் இதைப் பார்த்தல் தகாது. அன்று இத்துறைகளுக்குத் தமிழில் வேறு பெயரே இல்லை.

கட்டரின் நூலில் புலன்களைக் கூறும் பகுதி கடைசியில் வருகிறது. அதன் வரிசை தொடுவுணர்வு, சுவை, மணம், பார்வை, கேள்வி என்பதாகும். மரபியலின் வரிசையும் இதுவே! இருவரும் ஒருவரையொருவர் அறியார். தோல் முழுவதும் பரந்த உணர்வில் தொடங்கி, நுட்பமான உறுப்புகளுக்கு ஏறிச் செல்வது இயல்பான அடைவு என்றே கொள்ள வேண்டும். தொல்காப்பியர் அனைத்தையும் முன்பே அறிந்தார் என்று இதைக்கொண்டு முழங்குவது பொருந்தாது.

கலைச்சொல்லுக்குக் கிறீன் வகுத்த முறை தெளிவானது. முதலில் தமிழ் நூலிலும் வழக்கிலும் தேடுக. கிடைக்காவிடில் வடமொழியை நாடுக. அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் தருக. டன்போர்த் முதலிய அவருடைய தமிழ் மாணவரே உடனிருந்து உழைத்தனர். அறுவை மருத்துவம் ‘இரணவைத்தியம்’ என 1867-இலும், கிரே எழுதிய பெருநூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872-இலும், வேதியியல் ‘கெமிஸ்தம்’ என 1875-இலும் வெளிவந்தன. எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேலாகும்.

தமிழில் தேடினால் கிடைக்கும் என்பதற்குக் கண்ணே சான்று. ஒளி நுழையும் கருந்துளையை ஆங்கிலத்தில் ‘பியூப்பில்’ என்பர். அது சிறு பொம்மை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. எதிரே நிற்பவரின் உருவம் அங்கே குட்டிப் பொம்மையாகத் தெரிவதால் வந்த பெயர். தமிழனும் அதையே கண்டு ‘பாவை’ என்றான். தன் காதலி அமர இடம் வேண்டுமென்று கண்மணிப் பாவையைப் போகச் சொல்லும் தலைவனைக் குறளின் 113ஆம் அதிகாரத்தில் காணலாம். செவியிலும் இத்தகைய வியப்பு உண்டு. செவிப்பறைக்குப் பின்னுள்ள மூன்று சிற்றெலும்புகள் சுத்தி, பட்டடை, அங்கவடி எனப்படும். அவை அதிர்வைப் பெருக்கி உள்ளே செலுத்த, நத்தை வடிவான சுருளில் நிறைந்த நீர் அசைகிறது. அங்குள்ள நுண்மயிர் அணுக்கள் அவ்வசைவை நரம்புக்குத் தருகின்றன. இரண்டறிவே உடையதென்று மரபியல் ஒதுக்கிய நத்தையின் உருவமே, மனிதனின் ஐந்தாம் அறிவுக்கு உறுப்பாக அமைந்துள்ளது.

கிறீன் கற்பித்த காலத்தில் இத்துறையே வளர்ந்துகொண்டிருந்தது. அந்நத்தைச் சுருளின் நுண்ணமைப்பை இத்தாலியரான கோர்ட்டி 1851-இல் விளக்கினார். விழித்திரையில் மங்கிய ஒளிக்குக் கோலணுக்களும், பகலொளிக்கும் நிறத்துக்கும் கூம்பணுக்களும் பயன்படுவதை ஷுல்ட்சே 1866-இல் காட்டினார். நாக்கின் சுவை மொட்டுகள் 1867-இல்தான் அறியப்பட்டன.

கிறீன் 1873-இல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பினார். கொழும்பில் 1870-இலேயே அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. தமிழ்வழி மருத்துவம் மெல்ல நின்றது. கிறீனோ வூஸ்டரில் இருந்தவாறே மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். உடலியங்கியல் நூல் 1883-இல் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

சொற்களின் கதை அத்துடன் முடியவில்லை. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. 1940-இல் அமைந்த சீனிவாச சாஸ்திரியார் குழு வடமொழிப் பக்கம் சாய்ந்தபோது தமிழறிஞர் எதிர்த்தனர். சுகரணவாதம் போய் உடலியங்கியல் நிலைத்தது அத்தகைய போராட்டங்களின் பின்னரே. மலேசியாவில் 2003 முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009-இல் அம்முடிவு கைவிடப்பட்டு, படிப்படியாகத் தமிழ் மீண்டது. அந்த இடைக்காலத்தில் பயின்ற பிள்ளைக்கு விழித்திரை என்ற சொல்லைப் பள்ளி தரவில்லை.

இனி ஒன்று. இன்றைய உடலியங்கியல் தொடுவுணர்வைப் பொதுப் புலனாக ஒதுக்கி, சிறப்புப் புலன்களில் சமநிலையைச் சேர்க்கிறது. புறாவின் உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்களை வெட்டிப் பார்த்த பிரெஞ்சு அறிஞர் புளூரன்ஸ், அது நிலைதடுமாறுவதை 1820-களில் கண்டார். திடலில் கிறுகிறுவெனச் சுற்றி நிற்கும் சிறுவனுக்குத் தலை சுழல்வது அக்குழல்களில் உள்ள நீர் உடனே நிற்காமையால். ஐந்தென்று ஒப்பிக்கும் வகுப்புக்கு இதையும் தமிழிலேயே சொல்லலாம். சொல் ஒன்றும் குறைவில்லை.