கையெழுத்து வீட்டுக்காரருடையது, முடிவு வங்கியுடையது: அமெரிக்காவின் ‘ஷோர்ட் சேல்’ காலம்

‘தி பிக் ஷோர்ட்’ படம் பார்த்த ஆக்கள் எங்களுக்குள்ள கனபேர் இருப்பினம். 2008 பொருளாதார நெருக்கடி எண்ட உடன அந்தப் படத்தில வாற ஆக்கள்தான் ஞாபகத்துக்கு வருவினம்: அமெரிக்காவின் வீட்டுக் கடன்கள் எல்லாம் கவிழப்போகுது எண்டு முன்கூட்டியே கணக்குப் பார்த்து, அதிலயே பந்தயம் கட்டிக் காசு பார்த்த கொஞ்சப் பேர். அந்த ‘ஷோர்ட்’ வோல் ஸ்ட்ரீட் பாஷை. அதே நாட்டில, அதே நெருக்கடியில, இன்னொரு ‘ஷோர்ட்’டும் நடந்தது. அதைப் படமா எடுத்தா ஒருத்தரும் இருந்து பார்க்கமாட்டினம். ஒரு வீடு விற்கிற ஏஜென்ட் ஃபக்ஸ் மெஷினுக்கு முன்னால நிற்பார். பிறகு போனில காத்துக்கொண்டிருப்பார். பிறகு திரும்பவும் ஃபக்ஸ்.

ஷோர்ட் சேல் எண்டா, வீட்டின் மேல இருக்கிற கடனை விடக் குறைந்த விலைக்கு, கடன் தந்த வங்கியின் சம்மதத்தோட வீட்டை விற்கிறது. இங்க ‘ஷோர்ட்’ எண்டது பற்றாக்குறை. வாற காசு கடனுக்குக் காணாது.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்பம். 2006இல் லாஸ் வேகாஸில ஒரு குடும்பம் 300,000 டொலர் கடனில வீடு வாங்குது. 2011இல் அந்த வீட்டை 130,000க்கு மேல கேட்க ஆளில்ல. வேலையும் போட்டுது, தவணை கட்ட வழியில்ல. 130,000க்கு விற்றால், அதில 6 வீதம் எண்டு வைச்சாலும் 7,800 டொலர் ஏஜென்ட்மாரின் கொமிஷன். விற்கிற பக்கத்து ஏஜென்டும் வாங்கிற பக்கத்து ஏஜென்டும் அதைப் பிரிச்செடுப்பினம். வரி, பத்திரச் செலவு போக மிச்சம் வங்கிக்கு. வீட்டுக்காரருக்கு ஒரு சதமும் இல்ல. பிறகும் கிட்டத்தட்ட 180,000 டொலர் கடன் நிக்குது. அதுக்கு என்ன நடக்கும்?

அந்தக் கேள்விதான் ஷோர்ட் சேல் ஏஜென்டின் முழு வேலையும். 2008ஐ லீமன் பிரதர்ஸில இருந்து படிக்கிறதை விட, இந்த ஏஜென்டின் ஃபைலில இருந்து படிச்சா எனக்கு ஒரு விஷயம் கூடத் தெளிவா விளங்குது. நட்டம் எண்டது மழை மாதிரி எல்லார் தலையிலயும் தானா விழேல்ல. ஆர் எவ்வளவு சுமக்கிறது எண்டு கடிதம் கடிதமாப் பேரம் பேசித்தான் பிரிஞ்சது. அந்தப் பேரத்தில வீட்டின் சொந்தக்காரருக்குத்தான் ஆகக் குறைந்த பிடி இருந்தது.

பின்னணியைச் சுருக்கமாச் சொல்லுறன். அமெரிக்காவில வீட்டு விலை 2006இல் உச்சத்தைத் தொட்டு, 2012 தொடக்கம் வரைக்கும் நாடளாவிய ரீதியில கால்வாசிக்கு மேல விழுந்தது. லாஸ் வேகாஸில விழுந்தது கிட்டத்தட்ட 60 வீதம். 2011 அளவில ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளின் கடன், வீட்டின் பெறுமதியை விடக் கூட. அதுக்கு அவை வைச்ச பேர் ‘தண்ணிக்குக் கீழ’. தவணை கட்டேலாமப் போனா வங்கி வீட்டைப் பறிமுதல் செய்து விற்கும். அதுதான் ஃபோர்குளோஷர். புளோரிடா, நியூயோர்க் மாதிரி மாநிலங்களில அதுக்கு நீதிமன்றம் போகவேணும். கலிபோர்னியா, நெவாடா, அரிசோனாவில பெரும்பாலும் போகத் தேவையில்ல. (பராட்டே சட்டம் எண்டு கேள்விப்பட்டிருப்பியள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் எங்கட வங்கிகளுக்கும் நீதிமன்றம் போகாமல் ஏலம் போடுற அதிகாரத்தைக் குடுத்தது. 2024இல் அதைக் கொஞ்சக் காலம் இடைநிறுத்தினதும் ஞாபகம் இருக்கும்.)

இந்த அதிகாரம் கையில இருக்கேக்க வங்கி ஏன் ஷோர்ட் சேலுக்குச் சம்மதிக்கவேணும்? பறிச்ச வீட்டை வைச்சிருக்கிறதும் செலவுதான். வரி கட்டவேணும், புல்லு வெட்டவேணும், ஆளில்லாத வீட்டில செப்புக் குழாயைக் கழட்டிக்கொண்டு போறவையைப் பார்க்கவேணும். ஒரு தெருவில நாலு வீடு பூட்டிக் கிடந்தா அஞ்சாவது வீட்டின் விலையும் விழும். வீட்டுக்காரருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஃபோர்குளோஷர் ஆனவர் ஃபானி மே வழியாத் திரும்பக் கடன் எடுக்க 7 வருஷம் காத்திருக்கவேணும் எண்டால், ஷோர்ட் சேல் செய்தவர் போதிய முற்பணம் வைச்சிருந்தா 2 வருஷத்தில கேட்கலாம் எண்டு 2010இல் விதி வந்தது. பேரும் கெடாது, துரத்திவிட்டாங்கள் எண்ட சொல்லும் இல்ல, ஒரு திகதி பார்த்துத் தாங்களாகவே சாமான் கட்டிக்கொண்டு போகலாம். ஏஜென்ட்மார் இதைத்தான் சொல்லி ஆக்களைச் சேர்த்தினம்.

இனி அந்த ஃபைல். முதலில ஒரு ‘கஷ்டக் கடிதம்’. ஏன் கடன் கட்டேலாமல் போனது எண்டு வீட்டுக்காரர் எழுதவேணும்: வேலை போனது, விவாகரத்து, வருத்தம், வட்டி கூடினது. அதோட ரெண்டு வருஷ வருமான வரிப் பத்திரம், சம்பளச் சிட்டை, வங்கிக் கணக்கு விபரம், மாதச் செலவுப் பட்டியல். ஒரு குடும்பம் தன்ர தோல்வியைத் தானே ஆவணப்படுத்திக் குடுக்கிறது எண்டு சொல்லலாம். ஏஜென்ட் இதெல்லாத்தையும் சேர்த்து, வாங்க ஒருத்தரையும் பிடிச்சு, விலைப் பத்திரத்தோட வங்கிக்கு அனுப்புவார். பிறகு காத்திருப்பு. அனுப்பினது கிடைக்கேல்ல எண்டு பதில் வரும். திரும்ப அனுப்புறதுக்குள்ள சம்பளச் சிட்டை பழசாப் போயிரும், புதுசு கேப்பினம். பேசிக்கொண்டிருந்த அலுவலர் மாறியிருப்பார். வங்கி இன்னொரு ஏஜென்டை ஒரு சின்னக் கட்டணத்துக்கு அனுப்பி வீட்டின் பெறுமதியைக் கேக்கும். அவர் கூடுதலாச் சொல்லிப்போட்டா விலை பத்தாது எண்டு திருப்பிவிடும். இதுக்குள்ள மாதக் கணக்கில காத்திருந்த வாங்கிறவர் வேற வீடு பார்த்துப் போயிருவார். பிறகு எல்லாம் முதலில இருந்து. பகிடி என்னெண்டா, ஒரே வங்கியின் ஒரு பிரிவு ஷோர்ட் சேலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இன்னொரு பிரிவு அதே வீட்டை ஏலத்தில வித்துப்போடுறதும் நடந்தது.

வங்கிகளின் சோம்பல்தான் இதுக்குக் காரணம் எண்டு நினைச்சா முழுக்கச் சரியில்ல. ஏஜென்ட் பேசிக்கொண்டிருந்தது உண்மையில கடன் குடுத்தவரோட இல்ல. அந்தக் கடன்கள் ஆயிரக்கணக்கில ஒண்டாக் கட்டப்பட்டு, முதலீட்டாளருக்குப் பத்திரங்களா விற்கப்பட்டிருந்தது. போனில இருந்தது ‘சேவிசர்’, அதாவது தவணை வசூலிக்கிற நிறுவனம். நட்டம் அவைக்கு இல்ல, முதலீட்டாளருக்கு. கடன் நிலுவையில கிடக்கிற காலத்துக்கும் சேவிசருக்குக் கட்டணம் வரும், தாமதக் கட்டணமும் வரும். அவசரப்பட அவைக்கு என்ன தேவை? ‘தி பிக் ஷோர்ட்’டில சிரிச்சுச் சிரிச்சு விளங்கப்படுத்தின அந்தப் பத்திரக் கட்டுகளின் மற்ற முனைதான் இந்த ஃபக்ஸ் மெஷின்.

இன்னொரு சிக்கல் ரெண்டாவது கடன். பூரிப்புக் காலத்தில வீட்டு விலையின் 80 வீதத்துக்கு ஒரு கடன், மிச்ச 20 வீதத்துக்கு இன்னொரு கடன் எண்டு முற்பணமே இல்லாமல் வாங்கின ஆக்கள் கனபேர். விற்ற காசு முதல் கடனுக்கே காணாது, ரெண்டாவதுக்கு ஒண்டும் மிஞ்சாது. ஆனா ரெண்டாவது கடன்காரரின் கையெழுத்தும் இல்லாமல் உறுதி மாறாது. இழக்க ஒண்டும் இல்லாதவருக்குத்தான் அந்த மேசையில கூடப் பலம். அவை பிடிச்சு இழுப்பினம். கணக்குப் பத்திரத்தில வராத காசு கேட்ட கதைகளும் அந்தக் காலச் செய்திகளில வந்தது. 2010 ஏப்ரலில ஒபாமா அரசாங்கம் தொடங்கின ஹாஃபா திட்டம் இதுக்கு ஒரு உச்சவரம்பு போட்டது: ரெண்டாவது கடன்காரருக்கு 6,000 டொலர் வரை, வீடு விட்டுப் போற குடும்பத்துக்கு 3,000 டொலர். மிச்சக் கடனையும் முழுசா விடவேணும். இந்த ரெண்டு தொகையையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ.

மிச்சக் கடன் எண்ட சொல்லுக்கு வருவம். வங்கியின் சம்மதக் கடிதத்தில வீட்டை விடுவிக்கிறம் எண்டு இருக்கும். கடனை விடுவிக்கிறம் எண்டு இருக்கா? அந்த ஒரு வரி இல்லாட்டி, வீடு போன பிறகும் பல மாநிலங்களில வங்கி பற்றாக்குறைக்கு வழக்குப் போடலாம். அனுபவமுள்ள ஏஜென்ட் முதலில தேடிப் பார்க்கிற வரி அதுதான். கலிபோர்னியா 2011 ஜனவரியில இருந்து முதல் கடன்காரரையும், அதே வருஷம் ஜூலையில இருந்து ரெண்டாவது கடன்காரரையும் அப்பிடிக் கேக்கேலாமத் தடுத்தது. வரிப் பக்கமும் ஒரு பொறி இருந்தது: மன்னிக்கப்பட்ட கடன் அமெரிக்கச் சட்டப்படி வருமானம். வீட்டை இழந்தவருக்கு, கையில வராத 180,000 டொலருக்கு வருமான வரிப் படிவம் வரும். 2007 டிசம்பரில வந்த சட்டம், சொந்தமாக் குடியிருந்த வீட்டுக்கு மட்டும் இந்த வரியைத் தற்காலிகமா நீக்கினது.

ஏஜென்ட் ஆர் பக்கம்? சட்டப்படி அவர் வீட்டுக்காரரின் ஆள், அவரின் நன்மைக்குக் கட்டுப்பட்டவர். ஆனா அவரின் கொமிஷன் வங்கிக்குப் போகவேண்டிய காசில இருந்து வருது, வங்கி ‘6 வேண்டாம், 5 எடு’ எண்டு வெட்டலாம். விற்பனை முடிஞ்சாத்தான் அதுவும். வீட்டுக்காரருக்கு உண்மையில நல்லது வீட்டை வைச்சிருக்கக் கடனைத் திருத்திக் கேக்கிறதா இருக்கலாம், வங்குரோத்துக்குப் போறதா இருக்கலாம். அப்பிடி ஆலோசனை சொல்லுற ஏஜென்டுக்கு மாதக் கணக்கான வேலைக்கு ஒரு சதமும் கிடையாது. நான் இவையைக் கள்ளர் எண்டு சொல்ல வரேல்ல. தேசிய ரியல்டர் சங்கத்தில 2006இல் 13 இலட்சத்துக்கு மேல உறுப்பினர். 2012இல் கிட்டத்தட்ட 10 இலட்சம். தாங்களே தண்ணிக்குக் கீழ இருந்துகொண்டு மற்றவரின் கஷ்டக் கடிதத்தைத் திருத்தின ஏஜென்ட்மாரும் இருந்திருப்பினம். கள்ளரும் இருந்தவைதான்: பெறுமதியை வேணுமெண்டு குறைச்சுக் காட்டி வங்கியிட்ட அனுமதி எடுத்து, மற்ற நாளே கூட விலைக்கு விக்கிறது. அதுக்கு ‘ஃப்ளொப்பிங்’ எண்டு பேர்.

இந்தத் தொழிலின் பழைய கணக்கையும் சொல்லாமல் விடேலாது. 1924இல் அதே சங்கத்தின் ஒழுக்கக் கோவை, ஒரு பகுதியின் வீட்டுப் பெறுமதியைக் குறைக்கும் எண்டு கருதப்பட்ட இனத்தவரை அந்தப் பகுதிக்குள் கொண்டுவரக்கூடாது எண்டு ஏஜென்ட்மாருக்குக் கட்டளையிட்டது. சங்கத் தலைவர் அதுக்கு மன்னிப்புக் கேட்டது 2020இல். நல்ல கடன் கிடைக்காமல் தலைமுறையாத் தள்ளி வைக்கப்பட்ட கறுப்பின, லத்தீன் குடும்பங்களுக்குத்தான் 2000களில கெட்ட கடன் தேடி வந்தது. கன்ட்ரிவைட் நிறுவனம் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட அப்படியான குடும்பங்களிட்டக் கூடக் கட்டணம் வாங்கினது, நல்ல கடனுக்குத் தகுதியிருந்த பலரையும் மோசமான கடனுக்குள்ள தள்ளினது எண்ட குற்றச்சாட்டில, 2011 டிசம்பரில 335 மில்லியன் டொலர் குடுக்க இணங்கினது. நட்டம் பிரிபட்ட மேசைக்கு எல்லாரும் ஒரே தூரத்தில இருந்து வரேல்ல.

2012 பெப்ரவரியில 49 மாநிலங்களும் மத்திய அரசும் ஐந்து பெரிய வங்கிகளோட 25 பில்லியன் டொலர் இணக்கம் ஒண்டுக்கு வந்தினம். வாசிக்காமலே ஆயிரக்கணக்கில பறிமுதல் பத்திரங்களில கையெழுத்துப் போட்ட ஊழல் வெளிய வந்ததின் விளைவு அது. அந்தத் தொகையின் பெரும் பங்கை வங்கிகள் காசாக் குடுக்கத் தேவையில்ல, ‘நிவாரணமா’க் குடுக்கலாம். முதல் அறிக்கை வந்தபோது பார்த்தா, வங்கிகள் கணக்குக் காட்டின நிவாரணத்தில ஆகக் கூடின பங்கு ஷோர்ட் சேல். எப்பிடியும் திரும்பி வராத கடனை எழுதி விட்டது, குடும்பம் வீட்டை விட்டுப் போனது, ரெண்டும் சேர்ந்து தண்டனைக்கான வரவுப் பக்கத்தில பதிஞ்சது. கடன் தள்ளுபடி பெரிய விஷயம்தான், மறுக்கேல்ல. ஆனா வீட்டை வைச்சிருக்க உதவி எண்டு நம்பிக் காத்திருந்தவைக்கு அந்தச் சொல் எப்பிடிக் கேட்டிருக்கும்?

அதே 2012 ஜூனில, ஷோர்ட் சேல் விண்ணப்பத்துக்கு 30 நாளுக்குள்ள பதில், 60 நாளுக்குள்ள முடிவு எண்டு ஃபானி மே, ஃப்ரெடி மக் கடன்களுக்கு விதி வந்தது. அதுக்குப் பிறகு விலையும் ஏறத் தொடங்கினது, ஃபைல்களும் குறைஞ்சது. 2013இல்தான் இன்னொரு விஷயம் வெளிய வந்தது. அமெரிக்கக் கடன் அறிக்கைகளில ஷோர்ட் சேலுக்கு எண்டு தனிக் குறியீடு இருக்கேல்ல. அதால ரெண்டு வருஷம் பொறுத்துத் திரும்பக் கடன் கேட்டுப் போன ஆக்கள் பலரை ஃபானி மேயின் மென்பொருள் ஃபோர்குளோஷர் ஆனவை எண்டு வாசிச்சு 7 வருஷ வரிசையில விட்டிருந்தது. புளோரிடா செனட்டர் பில் நெல்சன் தலையிட்ட பிறகு, அந்த வருஷக் கடைசியிலதான் மென்பொருளைத் திருத்தினவை.