குதிரையிலிருந்து நூலகத்துக்கு: பாம்புக்கடி மருந்தின் கதை

எங்க ஊர் சின்னமனூர். வாழை, திராட்சை, நெல்னு தோட்ட வேலை நடக்குற ஊர்ல பாம்புக்கடி தூரத்துச் செய்தி இல்லை. இந்தியாவுல வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் இதுல சாகுறாங்க.

மருந்து எப்படித் தயாராகுது? 1890-களில் ஆல்பர்ட் கால்மெட் காட்டின அதே வழிதான். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கின இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு பிடிச்சு விஷம் எடுக்குது. மருந்துக் கம்பெனிகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்குச் செலுத்தி, ரத்தத்தில் உருவாகுற ஆன்டிபாடியைப் பிரிக்கிறாங்க. உயிர் காக்கும் மருந்துதான். ஆனா குதிரைப் புரதம் சிலருக்குக் கடும் அலர்ஜி தரும்.

மனித ஆன்டிபாடியே கிடைச்சா? 1985-ல் ஜார்ஜ் ஸ்மித் ஒரு வழி காட்டினார். பாக்டீரியாவைத் தாக்குற ஃபேஜ் வைரஸுக்குள்ள ஒரு மரபணுவைச் சேர்த்தா, அதோட புரதம் வைரஸின் மேலுறையில் தெரியும். கீ-வேல்யூ ஜோடி மாதிரி! 1990-ல் கிரெக் வின்டர் குழு இப்படி ஆன்டிபாடித் துண்டுகளை ஒட்டியது. கோடிக்கணக்கான ஃபேஜ்களை நஞ்சோட சேர்க்கணும், ஒட்டாததைக் கழுவணும், ஒட்டினதைப் பெருக்கி மறுபடி தேடணும். 2018 நோபலில் இருவருக்கும் பங்கு.

2024-ல் பெங்களூரு ஐஐஎஸ்சி-யின் கார்த்திக் சுனகர் குழுவும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸும் சேர்ந்து, ஃபேஜுக்குப் பதிலா ஈஸ்ட் வெச்சு மனித ஆன்டிபாடி நூலகத்தில் தேடினாங்க. கிடைச்சது 95மேட்5. கருப்பு மாம்பா, ஒரு கட்டுவிரியன் இனம், இவற்றின் நஞ்சிலிருந்து எலிகளைக் காப்பாத்துச்சு.

ஆனா இது ஒரு வகை நரம்பு நஞ்சுக்கு மட்டும்தான். கண்ணாடி விரியன் கடிச்சா இன்னும் குதிரை மருந்துதான். அதனால கயிறு கட்டாம, கீறாம, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.