ஆமோதிக்கிறேன்

எங்கள் ஊர் வாசகசாலையை மூடுவதென்று முடிவெடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். மொத்தம் பத்துப் பேர். செயலாளர் தீர்மானத்தை வாசித்துவிட்டு, "யாராவது ஆமோதிங்கப்பா" என்றார். ஒருவரும் நிமிரவில்லை. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "ஆமோதிக்கிறேன்" என்றேன். மினிட் புத்தகத்தில் என் பெயர் ஏறியது. கூட்டம் முடிந்தது.

பஸ்ஸில்தான் உறைத்தது, நான் சொன்னது என்ன சொல் என்று.

'ஆம்' என்று ஓதுவதே ஆமோதிப்பது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியில்லை. 'ஆமோதம்' என்ற வடசொல்லுக்கு மகிழ்ச்சி, நறுமணம் என்று பொருள். பிள்ளையார் கையிலிருக்கும் மோதகத்துக்கும் அதே வேர்தான். பௌத்தத்தில் 'அனுமோதனை' என்று ஒன்று உண்டு. இன்னொருவர் செய்த நற்செயலைக் கண்டு தானும் மகிழ்வது. செய்தது அவர், மகிழ்ச்சியில் நமக்கும் பங்கு. அந்தக் குடும்பத்துச் சொல்லைத்தான் நான் பஸ் பிடிக்கிற அவசரத்தில் உதிர்த்திருக்கிறேன்.

சொல்லுக்குள் இருந்த மகிழ்ச்சி எங்கே போனது? ஆங்கிலேயர் காலத்தில் சங்கங்களும் மாநாடுகளும் பெருகின. ஒருவர் தீர்மானம் கொண்டுவர வேண்டும், இன்னொருவர் அதை ஆதரிக்க வேண்டும், பிறகுதான் விவாதம் என்ற நடைமுறையும் கூடவே வந்தது. அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் இன்னார் பிரேரேபித்தார், இன்னார் ஆமோதித்தார் என்று படிக்கலாம். ஒரு தனிமனிதனின் ஆசை சபையின் நேரத்தை விழுங்கிவிடக் கூடாது, குறைந்தது இன்னொரு ஆளாவது வேண்டும் என்பதே அந்த இரண்டாவது குரலின் நியாயம். நாளடைவில் அது சடங்காகிவிட்டது.

20ஆம் நூற்றாண்டில் தனித்தமிழ் பரவியபோது பிரேரணை 'முன்மொழிதல்' ஆனது, ஆமோதிப்பு 'வழிமொழிதல்' ஆனது. முதல்நூலைப் பின்பற்றி வருவது வழிநூல். அதுபோல முன்மொழிந்தவரைத் தொடர்ந்து வருவது வழிமொழி. நல்ல சொல்தான். ஆனால் இதில் மகிழ்ச்சி இல்லை, பின்தொடர்தல் மட்டும் இருக்கிறது.

இதைவிடப் பழைய சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது: உடன்படுதல். பிறன் உடன்பட்டதற்குத் தானும் உடன்படுவதைத் தொல்காப்பியம் நூல் எழுதும் உத்திகளில் ஒன்றாகவே சொல்கிறது. நன்னூலில் பவணந்தி முனிவர் ஏழு மதங்களைப் பட்டியலிடுகிறார். ஒரு நூலாசிரியன் பிறர் கருத்தின் முன் எடுக்கக்கூடிய நிலைகள் அவை. முதலில் நிற்பது உடன்படல். அதை ஒட்டியே இரண்டாவதாக நிற்கிறது மறுத்தல். இந்த வரிசையை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: மறுக்கத் தெரிந்தவன் உடன்பட்டால்தான் அதற்கு மதிப்பு. மற்றதெல்லாம் சும்மா தலையாட்டல்.

அன்று யாராவது "ஏன் மூடணும்?" என்று கேட்டிருந்தால் பத்து நிமிடம் பேசியிருப்போம். பேசியும் மூடியிருக்கலாம். ஆனால் அது எங்கள் முடிவாக இருந்திருக்கும். இப்போது மினிட் புத்தகத்தில் ஒரு பெயரும் ஒரு வினைச்சொல்லும்தான் மிச்சம். பெயர் என்னுடையது.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும்.