பாலில் கலந்த நீரும் குழாயில் வந்த நீரும்

மலேசியாவின் கெடா மாநிலப் பட்டணங்களில் கடைக்காரர்கள் தண்ணீர்ப் பில்லைச் சரிபார்க்கும் வழக்கத்தின் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுவோர் மீட்டர் பொருத்திய குழாயிலிருந்து தொடங்குவதே முறையென்று எண்ணக்கூடும். ஆயினும் அவ்வட்டாரத் தமிழர் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கப் பழகிய இடம் குழாயடி அன்று, ரப்பர்ப் பால் நிறுத்த தோட்டத்து ஸ்டோரே என்பது என் அபிப்பிராயம்.

1909-ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாதிக்கத்தினின்று நீங்கிப் பிரிட்டிஷார் வசமான பின், கூலிம், கோல மூடா மாவட்டங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பல்கின. இராசேந்திர சோழன் வென்ற கடாரம் இதுவே என்று பெருமை பேசுவது நமக்குப் பிரியமான காரியம். தோட்டத்து லயமென்னும் வரிசை வீட்டில் குடியேறியவனுக்கோ அன்றைய பால் எத்தனை ராத்தல் என்பதே பெரிது.

விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, மரம் சீவி, மங்கு என்னும் கிண்ணங்களில் வடிந்ததை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்து வந்தாலும், வெறும் எடையைக் கொண்டு கூலி தீர்மானமாவதில்லை. மரப்பாலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். மங்கில் விழுந்த மழையையும் வேண்டுமென்றே ஊற்றிய தண்ணீரையும் தராசு பிரித்தறியாது. ஆகவே மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி பிரயோகத்துக்கு வந்தது. ரப்பர் நீரினும் இலேசானதாகையால், கெட்டிப்பாலில் அக்கருவி ஆழ்ந்தும் நீர்த்த பாலில் உயர்ந்தும் நிற்கும். மாதிரிப் பாலில் அளந்து நீர்விட்டு, நுரையை ஒதுக்கி, தண்டின் கோட்டைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நுரை மிஞ்சினாலும் வெப்பநிலை மாறினாலும் எண் பிறழும். கலந்த நீரின் விகிதத்துக்கேற்ப அவ்வெண்ணைப் பெருக்க நேர்வதால் அற்பப் பிழையும் உடன் பெருகும்.

கருவியைப் படித்தவரும் தோட்டத்து எழுத்தரான கிராணி, ஏட்டில் எழுதியவரும் கிராணி. “நேத்து மழையே இல்லையே ஐயா, பாலு எப்படித் தண்ணியாப் போச்சு?” என்ற வகைக் கேள்விக்கு, பக்கத்து நிரைக்காரன் பாலோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு ஆதாரம் தொழிலாளியிடம் இல்லை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகே, கூலி விவகாரங்களை நாடளாவிய ஸ்தாபனம் ஒன்றன் மூலம் நிர்வாகத்தின் முன் வைக்க வழி பிறந்தது.

குடிநீரின் கதை வேறு. கிணற்றையும் ஓடையையும் நம்பியிருந்த லயங்களுக்குக் குழாய்நீர் மெல்லவே வந்தது. தொழிலாளர் குடியிருப்பு வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை இலவசமாக வழங்குவது முதலாளியின் கடமை என்று வகுத்தது. நியாயமான சட்டந்தான், ஆனால் பில் தோட்டத்து ஆபீசுக்கே போனபடியால், பாலின் நீரை அவ்வளவு ஜாக்கிரதையாகக் கவனித்த மக்கள் குழாய்நீரின் கணக்கைக் காணாமலே இருந்துவிட்டனர்.

தோட்டத்தை விட்டுச் சுங்கை பட்டாணியிலும் லூனாசிலும் சாப்பாட்டுக் கடையோ முடிதிருத்தும் நிலையமோ வைத்தவருக்குப் பில் நேராக வந்தது. பில்லிலுள்ள மீட்டர் எண்ணும் சுவரோர மீட்டரின் எண்ணும் ஒன்றா, முந்தைய மாத முடிவு இம்மாதத் தொடக்கமாக உள்ளதா, வாசித்த அளவா, உத்தேசமா என்று, ஸ்டோரில் பழகிய பழக்கத்தால், அவர் பார்க்கலானார். இரவில் எல்லாக் குழாய்களையும் அடைத்த பின்னும் மீட்டரின் சிறு சக்கரம் சுழன்றால் கசிவு நிச்சயம். தண்ணீர் தடைப்பட்டு மீண்டும் வரும்போது குழாயிலிருந்து வெளியேறும் காற்றும் அதைச் சுழற்றக்கூடும் என்பதால், தடைப்பட்ட நாளைக் காலண்டரில் குறித்து வைப்பது உத்தமம். பழைய மீட்டர் தேய்ந்து குறைவாகக் காட்டுவதும் உண்டு. அதைக் குறித்து முறையிட்ட கடைக்காரர் எவரையும் நான் அறியேன்.