வங்கதேச ஆயத்த ஆடை ஏற்றுமதி: வரிச்சலுகை விலகினால் எழும் துணிச் சிக்கல்

வங்கதேசத்தின் சரக்கு ஏற்றுமதி வருவாயில் 80 சதவீதத்துக்கும் மேலானது ஆயத்த ஆடைகளால் கிடைக்கிறது. ஆனால், அங்கு பருத்தி விளைச்சல் மிகச் சொற்பம். பருத்தியில் பெரும்பகுதியும், சட்டை, கால்சட்டைக்கான நெய்த துணியில் கணிசமான பகுதியும் இறக்குமதியாகின்றன. இத்தொழிலை நம்பியுள்ள சுமார் 40 லட்சம் தொழிலாளர்களில் பெண்களே அதிகம்.

தொடக்கமே ஒரு வர்த்தகக் கட்டுப்பாட்டால் நேர்ந்தது. 1974-இல் நடைமுறைக்கு வந்த பல்இழை ஒப்பந்தத்தின்கீழ், வளரும் நாடுகளின் ஜவுளி ஏற்றுமதிக்கு மேலை நாடுகள் அளவு வரம்பு விதித்தன. வரம்புக்குள் சிக்கிய தென்கொரியாவின் டேவூ நிறுவனம், வரம்பு இல்லாத வங்கதேசத்தின் தேஷ் கார்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கைகோத்தது. 1979-இல் சுமார் 130 பேர் கொரியாவின் பூசான் நகருக்குப் பயிற்சிக்குச் சென்றனர். அவர்களில் பலர் பின்னர் விலகித் தனி ஆலைகளைத் தொடங்கினர். ஏற்றுமதிக்கான துணியை வரியின்றி இறக்கவும், வெளிநாட்டு ஆர்டரையே ஈடாகக் காட்டித் துணி வாங்கக் கடன் பெறவும் அரசு வழிசெய்தது. கைமுதல் இல்லாதவரும் ஆலை நடத்த முடிந்தது இதனால்தான்.

2005 ஜனவரி 1-இல் அளவு வரம்புகள் நீங்கியபோது, சீனப் போட்டியில் இத்தொழில் நலிவுறும் எனப் பலர் கணித்தனர். அது பொய்த்தது. மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் அளித்த முழு வரிவிலக்கு இதற்கு முக்கியக் காரணம். தொடக்கத்தில், துணி உருவாக்கம், தையல் ஆகிய இரு நிலைகளும் உள்நாட்டில் நடந்தால்தான் விலக்கு கிடைத்தது. 2011 முதல் தையல் மட்டுமே போதும் என விதி தளர்ந்தது. இறக்குமதித் துணியைத் தைத்து அனுப்பிய ஆலைகளுக்கு இது பெரும் வாய்ப்பானது.

அந்தத் தகுதியிலிருந்து வங்கதேசம் வெளியேறும் நாளாக 2026 நவம்பர் 24-ஐ ஐ.நா. பொதுச்சபை 2021-இல் நிர்ணயித்தது. வெளியேறும் நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் மூன்றாண்டு அவகாசம் தருகிறது. அதன்பின் வரிவிலக்கைத் தக்கவைக்க அந்நாடு 'ஜிஎஸ்பி பிளஸ்' திட்டத்தில் இடம்பெற வேண்டும். அதில் இருநிலை விதி மீண்டும் பொருந்தும். தொழிலாளர் உரிமை உள்ளிட்ட சர்வதேச உடன்படிக்கைகளைச் செயல்படுத்துவதும் கட்டாயம். 2013-இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நாட்டுக்கு இது பெயரளவு நிபந்தனை அல்ல.

பின்னலாடைத் துணி பெரிதும் உள்நாட்டிலேயே உருவாவதால் அப்பிரிவுக்கு இடர்ப்பாடு குறைவு. நெய்த ஆடைப் பிரிவின் நிலை வேறு: விதியை எட்டாவிட்டால் 12 சதவீதம் வரையிலான வரியைச் சந்திக்க நேரிடலாம். நெசவாலை அமைக்கப் பெருமூலதனமும், தடையற்ற எரிவாயுவும் மின்சாரமும் தேவை.

ஆலைகளுக்குள்ளும் ஒருமித்த நிலை இல்லை. நூற்பாலைகள் இறக்குமதி நூலுக்குத் தடை கோருகின்றன. ஆடை ஆலைகள் மலிவான நூலை நாடுகின்றன. 2025 ஏப்ரலில், இந்திய நூல் தரைவழியே வருவதை வங்கதேசம் நிறுத்தியது. மறுமாதமே, வங்கதேச ஆயத்த ஆடைகள் நவ சேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே நுழையலாம் என இந்தியா அறிவித்தது.