கடனும் காதலும்: தகழி கடற்கரைக்குப் போனது ஏன்?

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ 1956-இல் வெளிவந்தது. ‘தோட்டியுடெ மகன்’ (1947), ‘ரண்டிடங்கழி’ (1948) ஆகிய நாவல்களால் உழைக்கும் மக்களின் எழுத்தாளர் என்று பெயர் பெற்றிருந்தவர், ஒரு காதல் கதைக்காக வர்க்கப் பார்வையைக் கைவிட்டுக் கற்பனாவாதத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்ற கருத்து விமர்சனத்தில் நிலைபெற்றுவிட்டது. அது தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். குட்டநாட்டு வயலில் தாம் சொல்ல முடியாமல் போன ஒன்றைச் சொல்லவே தகழிக்குக் கடற்கரை தேவைப்பட்டது.

குட்டநாட்டு வயலில் நடக்கும் ‘ரண்டிடங்கழி’யிலும் காதல் உண்டு. சிருதையைக் கோரனும் சாத்தனும் விரும்புகிறார்கள். ஆனால் அவர்களைச் சுரண்டுகிறவன் குடிசைக்கு வெளியே நிற்கும் நிலவுடைமையாளன். காதல் ஒருபுறம், பகை மறுபுறம் என்று கோடு தெளிவாக இருக்கிறது. ‘செம்மீன்’ நடக்கும் புறக்காட்டுக் கடற்கரையில் அப்படி ஒரு கோடு கிழிக்க முடியாது. வள்ளமும் வலையும் வாங்க முதல் வேண்டும். அந்த முதல், கரையிலேயே மீன் வாங்கும் சிறு வியாபாரியிடம் இருக்கிறது. அவனே காதலனாகவும் இருந்துவிட்டால்?

நாவலின் முதல் காட்சியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மீனவர் மகள் கறுத்தம்மா அந்தச் சிறு வியாபாரி பரீக்குட்டியிடம் சொல்லும் முதல் செய்தி, அப்பன் வள்ளமும் வலையும் வாங்கப் போகிறான் என்பது. அவனோ பிடிக்கும் மீனைத் தனக்கு விற்பார்களா என்று கேட்கிறான். இளமையும் சிரிப்பும் ததும்பும் அந்தப் பேச்சின் பொருள் முழுக்க முழுக்க வியாபாரம். பிறகு அவளுடைய அப்பன் செம்பன்குஞ்ஞும் தாய் சக்கியும் இரவில் பரீக்குட்டியின் கொட்டகையிலிருந்து கருவாட்டுக் கூடைகளைச் சுமந்து வருகிறார்கள். அந்தக் கடன் உரிய காலத்தில் திரும்பவில்லை. பரீக்குட்டி ஓட்டாண்டியாகிறான். பணத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று கறுத்தம்மா தாயிடம் மன்றாடும் இடங்களை வெறும் நேர்மையுணர்வாக வாசிப்பது போதாது. கடன் அடைந்தால்தான் அவள் மனத்தளவில் அவனை விட்டுப் போக முடியும். அடையாத கடன் அவளை அவனோடு கட்டிப் போடுகிறது. அந்தக் கட்டைப் போட்டவன் பெற்ற அப்பன். சுரண்டல் இங்கே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. காதலின் வழியாக அல்லாமல் அதைக் காட்ட வேறு வழியில்லை.

கடற்கரை பிரிவாற்றாமையின் இடம் என்ற விளக்கம் நமக்குப் பழகியது. நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த மரபு நம்முடையது. ஐங்குறுநூற்றின் தொண்டிப் பத்து சேரர் கடற்கரையிலேயே பிறந்தது. ஆனால் நெய்தல் வெறும் ஏக்கம் மட்டுமன்று. நற்றிணையின் 45-ஆம் பாட்டில், தேரில் வரும் செல்வர் மகனிடம் தோழி தங்கள் மீன் நாற்றத்தையும் தொழிலையும் சொல்லி விலகி நிற்கச் சொல்கிறாள். தங்கள் குடியிலும் தலைமை உடையவர்கள் உண்டு என்கிறாள். பிழைப்பும் செருக்கும் காதலுக்குள் நுழைவதைச் சங்கப் புலவரே கண்டிருக்கிறார். தகழியைப் படிக்க இந்த மரபு, இரங்கலைவிட நெருங்கி உதவுகிறது.

நாவலின் முடிவுதான் பெரிய சிக்கல். கடலுக்குப் போனவனின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் ஒழுக்கத்தைப் பொறுத்தது என்ற நம்பிக்கையைக் கதை கடைசியில் மெய்யாக்கிவிடுகிறது, பெண்ணின் தலையில் பழியைப் போடுகிறது என்பது கடுமையான குற்றச்சாட்டு. அதில் நியாயம் உண்டு. ஆயினும் கறுத்தம்மாவின் கணவன் பழனி எப்படிச் சாகிறான் என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் வேறொரு காரணச் சங்கிலி தெரிகிறது. கறுத்தம்மாவையும் பரீக்குட்டியையும் பற்றிய பேச்சு கரையில் பரவுகிறது. அவளுடைய கணவனைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனால் ஆபத்து என்று கூட்டாளிகள் அவனை வள்ளத்தில் ஏற்ற மறுக்கிறார்கள். துடுப்புப் பிடிப்பதில் பெயர் பெற்ற அவன் சிறு தோணியில், தூண்டிலோடு, இரவில் தனியாகப் போக வேண்டியதாகிறது. பெரிய சுறா இழுக்கிறது. துணையோடு போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடும். அவனைக் கொன்றது மனைவியின் ஒழுக்கம் அன்று, அந்த நம்பிக்கையை வைத்து அவன் பிழைப்பைப் பறித்த ஊர்ப்பேச்சு. தகழி இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். பிறகு அதே இரவில் கறுத்தம்மாவைப் பரீக்குட்டியிடம் அனுப்பி, தாம் கட்டிய காரணத்தைத் தாமே மங்கலாக்குகிறார். அந்தக் கடைசிப் பக்கங்களில் அவர் கரையின் நம்பிக்கைக்கு விட்டுக்கொடுத்தார் என்றே நான் கருதுகிறேன்.

காலமும் முக்கியம். 1953-இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கியது. அதே ஆண்டு, புறக்காட்டுக்குத் தெற்கே நீண்டகரையில், நார்வே உதவியுடன் மீன்பிடித் திட்டம் தொடங்கி விசைப்படகுகளுக்கு வழி திறந்தது. கரைத் தலைவனான துறை அரயனின் சம்மதமும் சாதிக்கேற்ற உரிமையும் பெற்றே வள்ளம் வாங்க வேண்டியிருந்த உலகம் கரைந்துகொண்டிருந்த வேளையில், செம்பன்குஞ்ஞின் பேராசையை நாவல் நடுவில் நிறுத்துகிறது. அம்பலப்புழையில் வக்கீல் தொழில் பார்த்த தகழிக்குக் கடனும் சொத்தும் குடும்பங்களைப் பிளப்பது புதிதாக இருந்திருக்காது.

இதே கடற்கரைக் காதலை வண்ணநிலவன் 1977-இல் ‘கடல்புரத்தில்’ நாவலில் எடுத்தபோது, அந்த மாற்றம் கண்முன்னே நடந்து முடிந்திருந்தது. விசைப்படகுகளான லாஞ்சிகள் வந்து வல்லக்காரர்களின் கடலில் பங்கு கேட்கின்றன. வல்லத்தை விட மனமில்லாத குரூஸ் மிக்கேலின் மகள் பிலோமிக்குக் காதலன் சாமிதாஸ் கிடைக்கவில்லை. ஆனால் கடல் அவளைத் தண்டிக்கவும் இல்லை. அவள் அதே கரையில், மனிதர்களை நேசித்தபடி, வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறாள்.